கத்தி படாத ஓரம்

கையால் செய்த காகிதத்தின் ஓரம் நேராக இருக்காது. லேசாக நெளிந்து போகும். சில இடங்களில் நார் பிரிந்து நிற்கும். விரலால் தடவிப் பார்த்தால், தாளின் நடுவே இருக்கிற கனம் ஓரத்தை நெருங்க நெருங்கக் குறைந்து, ஆப்பத்தின் ஓரம் போல மெலிந்து முடிவது தெரியும். இதை டெக்கிள் ஓரம் என்பார்கள். இந்த ஓரத்தைச் சீவி எடுக்காமல் அப்படியே விட்டுக் கட்டிய புத்தகங்கள் எனக்கு மிகவும் பிடிக்கும். வீட்டில் சிறிய அளவில் புத்தகம் கட்டுகிறேன். பார்க்க வருகிறவர்கள் முதலில் கேட்பது, "ஏன் ஓரத்தை வெட்டாமல் விட்டுவிட்டீர்கள்?" என்றுதான். நின்றபடி சொல்லி முடிக்கக்கூடிய பதில் இல்லை அது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

அழகாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் எல்லாப் புத்தகத்திலும் இந்த ஓரம் அழகாக இருப்பதில்லை. சிலவற்றில் பொருத்தமே இல்லாமல் ஒட்டவைத்தது போல இருக்கும். சிலவற்றில் அது இல்லாவிட்டால் புத்தகமே குறைபட்டுப்போகும். அந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதுதான் எனக்கு முக்கியம். முழுத்தாளின் அளவை முதலில் கையில் வைத்துக்கொண்டு, அதிலிருந்து பக்கத்தையும் எழுத்தையும் வெற்றிடத்தையும் யோசித்த புத்தகத்தில் இந்த ஓரத்துக்கு இடம் உண்டு. மற்றதில் இல்லை. நான் சொல்லவருவது இவ்வளவுதான். ஆனால் இது விளங்க வேண்டுமானால் தொட்டிக்கரையிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒரு பெரிய தொட்டி. அதில் தண்ணீர். கந்தல் துணியை அடித்து அடித்துக் கூழாக்கிய நார் அந்தத் தண்ணீரில் மிதக்கிறது. பெரும்பங்கு தண்ணீர்தான், நார் மிகக் கொஞ்சம். தாள் எடுப்பவர் கையில் கம்பிவலை பொருத்திய ஒரு மரச்சட்டம். அதன்மேல், அடியில்லாத இன்னொரு மெல்லிய சட்டம் கழற்றி மாட்டும்படி உட்கார்ந்திருக்கும். அந்த மேல்சட்டம்தான் டெக்கிள். கூழ் வழிந்து போகாமல் வரப்பு கட்டுவது அதன் வேலை. இரண்டையும் சேர்த்துப் பிடித்துத் தொட்டிக்குள் விட்டு, மட்டமாகத் தூக்கி, முன்னும் பின்னும் பக்கவாட்டிலும் ஒரு குலுக்கல். தண்ணீர் வலை வழியாக வடியும்போது நார்கள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. அந்தக் குலுக்கலில் இருக்கிறது தாளின் பலம். பிறகு மேல்சட்டத்தைக் கழற்றிவிட்டு, வலையை அடுத்தவரிடம் தள்ளுவார். அவர் அதைக் கம்பளித் துணிமேல் கவிழ்த்து அழுத்தி எடுப்பார். ஈரத்தாள் துணியில் தங்கிவிடும். அதன்மேல் இன்னொரு துணி, இன்னொரு தாள் என்று அடுக்கு ஏறும். அடுக்கு உயர்ந்ததும் அழுத்தியில் வைத்துத் தண்ணீரைப் பிழிவார்கள். துணியிலிருந்து தாள்களைப் பிரித்தெடுப்பது மூன்றாமவர் வேலை. அப்புறம் மாடியில், காற்றோட்டமான கொட்டகையில் கயிறுகளின்மேல் தொங்கவிட்டு உலர்த்துவது.

வலைக்கும் மேல்சட்டத்துக்கும் நடுவே எவ்வளவு நெருக்கமாகச் செய்தாலும் ஒரு மயிரிழை இடைவெளி இருக்கத்தான் செய்யும். அதற்குள் கொஞ்சம் கூழ் கசிகிறது. அதுதான் அந்த மெல்லிய, ஒழுங்கற்ற ஓரம். யாரும் திட்டமிட்டு உண்டாக்கியது கிடையாது. இரண்டு மரச்சட்டங்கள் சந்திக்கும் இடத்தில் தண்ணீர் செய்துவிட்டுப் போனது. நான்கு பக்கமும் இப்படி இருந்தால் அது ஒரு முழுத்தாள். மேல்சட்டத்தைத் தூக்கும்போது கையிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர் ஈரத்தாளில் விழுந்தால் அந்த இடம் மெலிந்து வட்டமாகத் தெரியும். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் இன்றைக்கும் சில பழைய தாள்களில் அந்தச் சொட்டைப் பார்க்கலாம்.

ஒன்றைக் கவனிக்க வேண்டும். நல்ல ஆலையில் எடுத்த தாளின் ஓரம் அவ்வளவு கந்தலாக இருக்காது. சட்டம் சரியாகப் பொருந்தி, கையும் பழகியிருந்தால் ஓரம் ஏறத்தாழ நேராகவே வரும். சின்ன அலைவு மட்டும்தான் இருக்கும். இப்போது கல்யாணப் பத்திரிகைக்கென்று விற்கிற தாள்களில் ஓரம் விரல் அகலத்துக்குப் பிய்ந்து தொங்குவதைப் பார்க்கிறோம். அது வேண்டுமென்றே வரவழைத்தது. பழைய ஆலையில் அப்படி ஒரு தாள் வந்திருந்தால் கழித்துக் கட்டியிருப்பார்கள்.

ஐரோப்பாவில் பல நூற்றாண்டுகள் இந்த ஓரத்தை யாரும் கொண்டாடவில்லை. புத்தகம் அச்சான தாள்களாகவோ, தற்காலிக அட்டையோடோ விற்கப்பட்டது. வாங்கியவர் தனக்குப் பிடித்த பைண்டரிடம் கொடுத்துத் தோலில் கட்டிக்கொள்வார். பைண்டர் முதலில் செய்கிற வேலைகளில் ஒன்று, மூன்று பக்க ஓரத்தையும் சீவி மட்டமாக்குவது. அதன்மேல் தங்கப்பூச்சோ வண்ணப்பூச்சோ கொடுப்பார். அப்படிக் கட்டியது கிழிந்து, அடுத்த தலைமுறை வேறு பைண்டரிடம் கொடுக்கும்போது இன்னொரு சீவல். இப்படிப் போய்ப்போய்ச் சில புத்தகங்களில் பக்கத்தலைப்பின் பாதி எழுத்தும், ஓரத்தில் அச்சிட்ட குறிப்புகளும் அரிந்துபோயிருக்கின்றன. ஷேக்ஸ்பியரின் நாடகங்கள் முதன்முதலாகத் தொகுப்பாக வந்த 1623ஆம் ஆண்டுப் பதிப்பில் 82 பிரதிகள் வாஷிங்டனில் உள்ள ஃபோல்ஜர் நூலகத்தில் இருக்கின்றன. ஒரே பதிப்புத்தான். ஆனாலும் பிரதிக்குப் பிரதி உயரம் மாறும். எந்தப் பிரதி எத்தனை கத்தியைப் பார்த்தது என்பதை அந்த உயரம் சொல்லிவிடுகிறது.

நம் புத்தகங்களின் பதிப்பு விவரப் பக்கத்தில் "டெமி 1/8" அல்லது "கிரௌன் 1/8" என்று ஒரு வரி இருக்கும். பெரும்பாலோர் அதைக் கடந்து போய்விடுவோம். டெமி, கிரௌன் இரண்டும் கையால் தாள் எடுத்த காலத்துப் பெயர்கள். ஒரு முழுத்தாளின் அளவைச் சொல்பவை. அச்சு டெமி 17½ அங்குலத்துக்கு 22½. கிரௌன் 15க்கு 20. 1/8 என்றால் அந்த முழுத்தாளை மூன்று முறை மடித்து எட்டு இலை ஆக்கியது. இலை என்பது முன்னும் பின்னுமாக இரண்டு பக்கம் கொண்ட ஒரு துண்டு. டெமி தாளை மடித்தால் ஓர் இலை 8¾ அங்குல உயரமும் 5⅝ அங்குல அகலமும் வரும். தமிழில் நாம் வாங்குகிற டெமி புத்தகத்தை அளந்து பாருங்கள்: ஏறக்குறைய 8½க்கு 5½. விட்டுப்போன அந்தச் சின்ன மிச்சம் கட்டிங் மெஷினுக்கு அடியில் குப்பையாகக் கிடக்கிறது. இன்றைக்கு அந்தத் தாள் ஆலையில் சுருளாக ஓடி வருவது. ஓரத்தில் காப்பாற்ற எதுவும் கிடையாது, வெட்டுவதே சரி. ஆனால் கையால் எடுத்த தாளில், வெட்டி எறிகிற அந்தத் துண்டில்தான் தாள் எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்ற செய்தி இருக்கிறது.

மடிப்பைப் பற்றிப் பேசும்போது இதையும் சொல்லிவிடுகிறேன். முழுத்தாளை ஒரே முறை மடித்தால் இரண்டு இலை. மேல், கீழ், தைத்துக் கட்டுகிற முதுகுக்கு எதிரே இருக்கிற முன் ஓரம் என்று மூன்று பக்கமும் டெக்கிள் இருக்கும். இரண்டு முறை மடித்தால் நான்கு இலை. தலைப்பக்கம் மடிப்பாகிவிடும், முன்னும் கீழும் டெக்கிள். மூன்று முறை மடித்த எட்டிலைப் புத்தகத்தில் கீழ் ஓரம் முழுக்க டெக்கிள். தலைப்பக்கம் முழுக்க மடிப்பு. முன் ஓரத்தில் சில இலைகளுக்கு டெக்கிளும் சில இலைகளுக்கு மடிப்பும் கலந்து வரும். நீர்க்குறியும், அதாவது வெளிச்சத்தில் பிடித்தால் தாளுக்குள் தெரிகிற ஆலையின் அடையாளமும், இப்படித்தான் இடம் மாறும். முழுத்தாளின் ஒரு பாதி நடுவில் இருக்கிற குறி, ஒரு மடிப்பில் இலையின் நடுவிலும், இரண்டு மடிப்பில் முதுகு ஓரத்தின் நடுவிலும், மூன்று மடிப்பில் முதுகின் மேல்மூலையிலும் போய் உட்காரும். பழைய புத்தகங்களை ஆராய்கிறவர்கள் இவற்றையெல்லாம் வைத்துத்தான் அது எந்த அளவுத் தாளில் அச்சாகி எப்படி மடிக்கப்பட்டது என்று கண்டுபிடிக்கிறார்கள். சீவாத ஒரு பிரதி கிடைத்தால் முழுத்தாளின் அளவே அவர்கள் கைக்கு வந்துவிடும்.

மடிப்பைப் பிரிக்காமல் வந்த புத்தகத்தை வாங்கியவர் கத்தியால் பிரித்துப் படிப்பார். அந்தப் பிரிப்பும் கரடுமுரடான ஓரத்தைத் தரும். பலர் இதையும் டெக்கிளையும் ஒன்றாக நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. ஒன்று சட்டத்தில் பிறந்தது. மற்றொன்று வாசகர் கையில் பிறந்தது.

சரி, குறையாகப் பார்த்த ஓரம் எப்போது பெருமையாக மாறியது? இயந்திரம் வந்த பிறகு. பிரான்சில் நிக்கோலா லூயி ரொபேர் 1799இல் தொடர்ச்சியாகக் காகிதம் செய்யும் இயந்திரத்துக்குக் காப்புரிமை வாங்கினார். 1803இல் அது மேம்பட்டு இங்கிலாந்தின் ஃப்ராக்மோரில் ஓடத் தொடங்கியது. நீளமாக ஓடிவருகிற காகிதத்துக்கு இரண்டு ஓரம்தான், அதுவும் வெட்டிப்போகும். 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் பெரும்பாலான புத்தகங்கள் இயந்திரக் காகிதத்தில், அதிலும் மரக்கூழில், வரத் தொடங்கிவிட்டன. மலிவு. ஆனால் அந்தக் காகிதத்தில் இருக்கிற அமிலம் நாளாக நாளாகத் தாளைத் தின்றுவிடுகிறது. நம் தாத்தா காலத்துப் புத்தகங்கள் பழுப்பேறி, பக்கம் புரட்டினால் மூலை கையோடு வந்துவிடுவதற்கும் அதுதான் காரணம்.

இந்தச் சூழலில்தான் ஆங்கிலக் கவிஞரும் வடிவமைப்பாளருமான வில்லியம் மோரிஸ் வருகிறார். 1891இல் லண்டனை ஒட்டிய ஹாமர்ஸ்மித்தில் கெல்ம்ஸ்காட் அச்சகத்தைத் தொடங்கினார். 1898இல் அது மூடப்படும்வரை 53 நூல்கள் வந்தன. எழுத்துரு, மை, படம் எல்லாவற்றையும் பற்றி நிறையப் பேர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அவரிடம் மிகவும் பிடித்தது காகிதத்தில் அவர் காட்டிய பிடிவாதம். கையால் எடுத்த தாளாகத்தான் இருக்க வேண்டும். தோற்றத்துக்காக மட்டுமில்லை, நீடித்து நிற்கவும் அதுதான் வழி என்று தெளிவாக எழுதிவைத்திருக்கிறார். அவர் காலத்தில் கைத்தாள்கள் பெரும்பாலும் பருத்தியில் வந்தன. அவருக்கு முழுக்க லினன் வேண்டும். நன்றாகப் பசையூட்டி இறுகியிருக்க வேண்டும். வலைக்கம்பியின் கோடுகள் தாளில் தெரிய வேண்டும். ஆனால் வரிவரியாகத் துருத்திக்கொண்டு நிற்கக் கூடாது. மாதிரிக்கு அவர் எடுத்துக்கொண்டது ஏறத்தாழ 1473ஐச் சேர்ந்த, இத்தாலியின் போலோன்யா நகரத்துக் காகிதம். அதைப் பார்த்துச் செய்துகொடுத்தவர் கென்ட் பகுதியில் லிட்டில் சார்ட் என்ற ஊரில் ஆலை வைத்திருந்த ஜோசப் பாச்சிலர். மோரிஸ் அந்த ஆலைக்கே போய், கோட்டைக் கழற்றி வைத்துவிட்டுத் தானும் தொட்டியில் இறங்கி ஒரு தாள் எடுத்துப் பார்த்திருக்கிறார். நீர்க்குறிகளையும் அவரே வரைந்தார்: ஒரு பூ, ஒரு மீன், ஓர் ஆப்பிள்.

இவ்வளவு பார்த்துச் செய்த தாளை அவர் எப்படிப் பக்கமாக்கினார் என்பதில்தான் டெக்கிளின் உண்மையான இடம் தெரிகிறது. பக்கத்தைச் சுற்றி விடுகிற வெற்றிடத்தில் மோரிஸுக்கு ஒரு கண்டிப்பான வரிசை உண்டு. முதுகுப் பக்கம் மிகக் குறைவு. தலைப்பக்கம் அதைவிடக் கொஞ்சம் கூட. முன் ஓரம் இன்னும் கூட. கால்பக்கம் எல்லாவற்றையும்விட அகலம். இடைக்காலக் கையெழுத்துப் பிரதிகளில் ஒவ்வொரு படிக்கும் 20 சதவீத வித்தியாசம் இருக்கும் என்று நூலகர் நண்பர் ஒருவர் அளந்து சொன்னதையும் அவர் குறிப்பிடுகிறார். இப்போது பைண்டரின் கத்தியை நினைத்துப் பாருங்கள். அது முதுகைத் தொடாது. முன்னிலிருந்தும் கீழிலிருந்தும் மேலிலிருந்தும்தான் எடுக்கும். அதாவது அகலமாக இருக்க வேண்டிய இடங்களில்தான் குறையும். எழுத்துக் கட்டம் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிற இடமே மாறிவிடும். ஒரே ஒரு சீவலில் நான்கு வெற்றிடங்களுக்கு நடுவே இருந்த கணக்கு போய்விடுகிறது.

அதனால்தான் கெல்ம்ஸ்காட் புத்தகங்கள் சிலவற்றோடு ஒரு குறிப்பும் போனது: இந்தப் புத்தகத்தை மறுபடி கட்டுவதாக இருந்தால் இலை ஓரங்களை லேசாக ஒழுங்கு செய்யலாம், வெட்டக் கூடாது, அழுத்தியில் வைக்கவே கூடாது, வைத்தால் எழுத்து தாளில் பதிந்த பள்ளம் போய்விடும். ஒழுங்கு செய்வது என்றால், அதிகமாக நீட்டிக்கொண்டிருக்கிற இலைகளின் நுனியை மட்டும் தட்டி எடுப்பது. குட்டையான இலைகள் கத்தி படாமல் தங்கிவிடும். அப்படித் தங்கிய இலைகளைப் பைண்டர்கள் சாட்சி என்பார்கள். புத்தகத்தை அதிகம் சீவவில்லை என்பதற்கு அவை சாட்சி.

1896இல் வெளியான கெல்ம்ஸ்காட் சாஸர், அதாவது இடைக்கால ஆங்கிலக் கவிஞர் சாஸரின் படைப்புகளின் பதிப்பு, இந்த எண்ணத்தின் உச்சம். காகிதத்தில் 425 பிரதிகள், கன்றுத்தோலில் 13. ஓவியர் பர்ன்-ஜோன்ஸின் 87 படங்கள். தாளில் மீன் நீர்க்குறி. ஒரே மடிப்புப் புத்தகம் என்பதால் மூன்று பக்கமும் தாளின் சொந்த ஓரம். எழுத்தும் அலங்காரமும் அவ்வளவு அடர்த்தியாக இருக்கிற பக்கத்துக்கு வெளியே அந்த மெல்லிய நெளிவு தேவைப்படுகிறது. கத்தியால் வெட்டிய கூரான ஓரம் அங்கே வந்தால், கறுப்பு அலங்காரச் சட்டத்துக்குப் பக்கத்திலேயே இன்னொரு கோடு போட்டது போல ஆகிவிடும். அந்த ஆண்டு அக்டோபரிலேயே மோரிஸ் இறந்துபோனார்.

இதற்கு எதிரான வாதத்தையும் கேட்க வேண்டும். அமெரிக்கப் பொருளாதார அறிஞர் தார்ஸ்டின் வெப்லன், 1899இல் வெளியிட்ட தன் புகழ்பெற்ற நூலில் கெல்ம்ஸ்காட் அச்சகத்தையே உதாரணமாக எடுத்துக்கொண்டார். கரடுமுரடான ஓரம், மிதமிஞ்சிய வெற்றிடம், பிரிக்காத மடிப்பு எல்லாம் வசதி படைத்தவர்கள் தங்கள் வசதியைக் காட்டிக்கொள்ளும் அடையாளங்கள் என்றார். இயந்திரம் சுத்தமாகச் செய்துகொடுப்பதைக் கையால் குறையோடு செய்து, அந்தக் குறைக்கே விலை வைக்கிறார்கள் என்பது அவர் குற்றச்சாட்டு. சாஸரின் விலை 20 பவுன். உழைக்கிறவர்களுக்காகப் பேசிய ஒரு சோஷலிஸ்ட்டின் புத்தகத்தை உழைக்கிறவர் யாரும் வாங்க முடியாது. இந்த இடத்தில் வெப்லனை மறுக்க எனக்கு வழி தெரியவில்லை.

ஆனால் அவர் பார்க்காமல் விட்ட ஒன்று உண்டு. மரக்கூழ்ப் புத்தகங்கள் தொட்டால் உதிர்கிற நிலைக்கு வந்துவிட்டன. பாச்சிலரின் லினன் தாள் இன்றும் வெளுப்பாக, வளைத்தால் வளைகிறதாக இருக்கிறது. விரயம் என்று அவர் எண்ணிய செலவில் ஒரு பெரும்பகுதி ஆயுளுக்குப் போனது. ஓரம் அந்தத் தாளோடு கூட வந்தது. தாளுக்குக் கொடுத்த மரியாதையின் தொடர்ச்சியாகத்தான் மோரிஸ் அதை விட்டுவைத்தார். பின்னால் வந்த பலர் அந்தத் தாளை விட்டுவிட்டு ஓரத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். வெப்லனின் அடி அவர்கள்மேல் சரியாகவே விழுகிறது.

சேகரிப்பாளர்கள் உலகத்தில் இது வேறு ஒரு பக்கமும் போனது. ஜான் கார்ட்டர் என்ற ஆங்கிலேயப் புத்தக வணிகர் 1952இல் சேகரிப்பாளர்களுக்காக எழுதிய அகராதியில், டெக்கிள் மோகத்துக்கென்றே ஒரு பதிவு இருக்கிறது. வெட்டப்படுவதற்காகவே அச்சான புத்தகங்களில்கூட வெட்டாத பிரதியைத் தேடி அலைந்து அதிக விலை கொடுப்பதை அவர் அங்கே கண்டிக்கிறார். நான் அவர் பக்கம். 18ஆம் நூற்றாண்டில் ஓர் அச்சகர் பக்கத்தை அமைக்கும்போது பைண்டர் எவ்வளவு எடுப்பார் என்று தெரிந்தே அமைத்தார். அந்தப் புத்தகம் தோலில் கட்டி, சீராகச் சீவி, தங்கம் பூசியபோதுதான் முழுமையானது. சீவாத பிரதி ஆராய்ச்சிக்கு அருமையானது, அதில் சந்தேகமில்லை. ஆனால் முடித்த புத்தகத்தைவிட முடிக்காதது அழகு என்று எப்போதும் சொல்லிவிட முடியாது. செய்தவர் என்ன நினைத்துச் செய்தார் என்பதைக் கேட்காமல் ஓரத்தை மட்டும் பார்ப்பது அந்தச் செய்தவரை மதிக்காதது.

போலிகளைப் பற்றியும் பேசியாக வேண்டும். உருளை வலையில் ஓடும் இயந்திரங்கள் உண்டு. 1809இல் ஜான் டிக்கின்சன் காப்புரிமை வாங்கிய வழி அது. நல்ல பருத்திக்கூழில் அப்படிச் செய்கிற தாள், கைத்தாளுக்கு மிக நெருக்கமாக வரும். அதற்கு இரண்டு பக்கம் இயல்பான டெக்கிள். மற்ற இரண்டு பக்கம் ஈரமாக இருக்கும்போதே மெலிய வைத்துக் கிழித்தது. இதில் எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. நல்ல தாள், தன் இயல்பை மறைக்கவும் இல்லை. அமெரிக்கப் பதிப்பகங்கள் சில, சாதாரண இயந்திரக் காகிதத்தில் அச்சான நாவல்களின் முன் ஓரத்தை ஏற்ற இறக்கமாக விடுகின்றனவே, அதுதான் எனக்கு ஒப்பவில்லை. அங்கே தாளின் கனம் ஓரம்வரை ஒரே மாதிரி இருக்கும். மேலும் கீழும் கண்ணாடி போல வெட்டியிருக்கும். முன்பக்கம் மட்டும் பழமை. வாங்குகிறவர் குறைபாடு என்று திருப்பி அனுப்பிவிடக் கூடாதே என்று இணையக் கடைகள் "டெக்கிள் ஓரம்" எனத் தனியாகக் குறிப்பிட வேண்டியிருக்கிறது.

நம் வீட்டு ஆல்பங்களிலும் இந்த ஓரத்தின் நிழல் ஒன்று இருக்கிறது. பழைய கறுப்பு வெள்ளைப் படங்களைச் சுற்றி வெள்ளை விளிம்பு. அதன் ஓரம் நெளிநெளியாக வெட்டியிருக்கும். கைத்தாளின் ஓரத்தைப் பார்த்து வந்த பாணி அது. ஸ்டூடியோவில் அதற்கென்று தனி வெட்டுக்கத்தி இருந்தது. ஒரே அளவில் திரும்பத் திரும்ப வருகிற அந்த நெளிவு யாரையும் ஏமாற்ற முயலவில்லை. அதனால்தானோ என்னவோ, எனக்கு அதன்மேல் பிரியம் உண்டு.

உண்மையான டெக்கிளை அடையாளம் காண வெளிச்சம் போதும். தாளை ஜன்னலுக்கு நேராகப் பிடியுங்கள். நிஜ ஓரம் கொஞ்சம் கொஞ்சமாக வெளுத்து, நார் தெரியும்படி ஒளி ஊடுருவும். கிழித்த ஓரத்தில் கனம் திடீரென்று முடியும். நார்கள் ஒரு பக்கமாக இழுபட்டு நிற்கும். இயந்திரத்தால் அலையலையாக வெட்டியதில் நாரே தெரியாது.

இந்த ஓரத்தோடு வேலை செய்வது சுலபமில்லை. அச்சிடும்போது தாளை ஓர் ஓரத்தில் முட்டவைத்துத்தான் நேர் பார்ப்பார்கள். ஓரமே நேராக இல்லாவிட்டால் எதில் முட்டவைப்பது? கையச்சு இயந்திரங்களில் அதற்கு ஊசி முனைகள் உண்டு. முதல் பக்கம் அச்சாகும்போது அவை தாளில் சிறு துளை போடும்; மறுபக்கம் அச்சிடும்போது அதே துளைகளில் தாளை மாட்டுவார்கள். இரண்டு பக்க எழுத்தும் ஒன்றுக்கு நேராக ஒன்று வந்து விழும். அச்சுக்கு முன் தாளை ஈரப்படுத்தி வைப்பதும் உண்டு. மெல்லிய ஓரம் நடுப்பகுதியைவிடச் சீக்கிரம் உலர்ந்து சுருங்கும். தாள் அலையாகத் தூக்கிக்கொள்ளும். கட்டும்போதும் இலைகள் ஒன்றுக்கொன்று கொஞ்சம் முன்பின்னாக நிற்கும். எந்த ஓரத்தைச் சமமாகத் தட்டுவது என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். நான் முதுகையும் தலையையும் சமமாக்குவேன். முன்னும் கீழும் போகிற போக்கில் போகட்டும்.

வாசிப்பவருக்கும் சிரமம் உண்டு. முன் ஓரத்தில் விரலை வைத்துச் சரசரவென்று பக்கம் தள்ள முடியாது. இரண்டு மூன்று இலைகள் சேர்ந்து வரும். அகராதிக்கோ பாடநூலுக்கோ இந்த ஓரம் கூடவே கூடாது. ஒரு கவிதையில் சற்று நின்று, அப்புறம் அடுத்த பக்கத்துக்குப் போகிற புத்தகத்துக்கு அது தடையாகத் தெரிவதில்லை. பெரிய தொல்லை தூசிதான். தலைப்பக்கம் மடிப்பைப் பிரித்துக் கரடாக விட்டால், அலமாரியில் மேலிருந்து விழுகிற தூசி இலைகளுக்கு நடுவே இறங்கிவிடும். நம் ஊர் ஈரப்பதத்தில் தூசி தங்கினால் பூஞ்சை வரும். பின்னாலேயே இராமபாணப் பூச்சி வரும். அந்தக் கால பைண்டர்கள் இதற்கு நல்ல வழி வைத்திருந்தார்கள். தலையை மட்டும் சீராகச் சீவி, தேய்த்து, தங்கத்தகடு ஒட்டிவிடுவார்கள். தூசி வழுக்கிப் போகும். முன்னும் கீழும் கத்தி படாமல் இருக்கும். எனக்கு இதுதான் மிகச் சரியான தீர்வாகத் தெரிகிறது. தலை ஓரத்தில் இருப்பது பெரும்பாலும் மடிப்புத்தானே, டெக்கிள் இல்லையே. அங்கே கத்தி வைப்பதால் தாளின் எந்தச் செய்தியும் அழிவதில்லை.

புதுச்சேரியில் 1959இலிருந்து ஸ்ரீ அரவிந்தர் ஆசிரமத்தைச் சேர்ந்த கைக்காகித ஆலை நடக்கிறது. பருத்திக் கழிவிலிருந்து தாள் எடுக்கிறார்கள். நான் வேலை செய்வது பெரும்பாலும் இப்படிப்பட்ட பருத்தித் தாளில்தான். நம் நாட்டில் கைத்தாள் பரவலாகக் கிடைப்பது 22 அங்குலத்துக்கு 30 அங்குலம் என்ற அளவில். இரண்டு முறை மடித்தால் 15க்கு 11. மூன்று முறை மடித்தால் 11க்கு 7½. இயந்திரக் காகிதத்தில் நார் ஒரே திசையில் படுத்திருக்கும். அந்தத் திசைக்குக் குறுக்கே மடித்தால் முறுக்கிக்கொண்டு நிற்கும். குலுக்கி எடுத்த கைத்தாளில் அந்தப் பிரச்சினை மிகக் குறைவு. எந்தப் பக்கமும் மடியும். ஆகவே அளவை அடித்தல் திருத்தல் இல்லாமல் தாளே கொடுத்துவிடுகிறது. நோட்டுப் புத்தகம் ஒன்று வேண்டும் என்று யாராவது கேட்டால், என்ன அளவில் என்று நான் கேட்பதில்லை. எத்தனை மடிப்பு வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

தாள் வாங்கும்போது ஓரம் அதிகமாகப் பிய்ந்து தொங்குவதை எடுக்காதீர்கள். நான்கு பக்கமும் அமைதியாக ஓடுகிற, வெளிச்சத்தில் ஒரே சீராக மெலிகிற தாளாகப் பாருங்கள். மடிப்பை, எலும்பில் செய்த மழுங்கிய பட்டையால் அழுத்தித் தேய்த்து, ஒரு ராத்திரி பாரம் வைத்துவிட்டு, மறுநாள் பிரியுங்கள். கூரான கத்தி வேண்டாம். அது தன் போக்கில் தாளுக்குள் இறங்கிவிடும். சமையலறையில் வெண்ணெய் தடவுகிற மழுங்கிய கத்தி போதும். கையை மடிப்போடு படுக்கவைத்து, நிறுத்தி நிறுத்தி இழுக்காமல் ஒரே ஓட்டமாக இழுங்கள்.